பைல் ஆசிட் 31, 'ஹை'னு வந்திருக்கு, டிபி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்க ஊரு காவேரிப்பட்டணம் பக்கம், நான் ஓசூர் சிப்காட்ல வேலை பாக்கறேன். அப்பாவுக்கு 58 வயசு, பர்கூர்ல கிரானைட் பாலிஷ் போடற வேலை ரொம்ப வருஷம் செஞ்சவரு. போன மாசம் சளி டெஸ்ட்ல டிபினு வந்து பி.எச்.சி.ல மாத்திரை ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது வாரத்துல இருந்து உடம்பு அரிக்குது, சாப்பாடு கொஞ்சம் கம்மி, ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகுது. எங்க தெருவுல ஒருத்தர் டிபி மாத்திரை சாப்பிடறப்பவே மஞ்சக்காமாலை வந்து தவறிட்டாரு, அதனால வீட்ல எல்லாருக்கும் பயம். பெங்களூர்ல மருந்து கம்பெனில இருக்கற மச்சான், பைல் ஆசிட்னு ஒரு டெஸ்ட் இருக்கு, மருந்தால லிவர் கெடுமானு முன்னாடியே காட்டிடும்னு சொன்னாரு. எடுத்தோம், 31னு வந்திருக்கு, 10க்குள்ள இருக்கணுமாம். பயந்துபோய் மாத்திரையை நிறுத்தி அஞ்சு நாள் ஆச்சு. மெடிக்கல்ல குடுத்த உர்சோ மாத்திரை ஒரு வாரத்துக்கு மேல போகுது, காலைல கீழாநெல்லியும் குடுக்கறோம். இனி டிபி மாத்திரையை குடுக்கலாமா? பைல் ஆசிட் டெஸ்டை மாசாமாசம் எடுக்கணுமா? முட்டை குடுக்கலாமானு அம்மா கேக்கறாங்க. ரிப்போர்ட் போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்:

தம்பி, அவசரமானதை முதல்ல சொல்லிடறேன், மத்ததை அப்புறம் நிதானமா படிங்க. நாளைக்கு காலைல அப்பாவை கூட்டிக்கிட்டு, மாத்திரை குடுத்த அதே பி.எச்.சி.க்கு போங்க. அஞ்சு நாளா மாத்திரை போடலனு மறைக்காம சொல்லுங்க, உர்சோ போனதையும் கீழாநெல்லி குடுத்ததையும் சேத்து சொல்லுங்க. திட்டுவாங்களோனு நினைச்சு தான் நிறைய பேர் விட்டுப்போன நாளை சொல்றதே இல்ல, மாத்திரை அட்டையை காலி பண்ணி காட்டிட்டு வந்துடறாங்க, அதனால கெடுதல் நோயாளிக்கு தான். அங்க எல்.எஃப்.டி, அதாவது லிவர் எப்படி இருக்குனு பாக்கற ரத்த டெஸ்ட், திரும்ப ஒரு தடவை எடுக்க சொல்லி கேளுங்க, அதை பாத்துட்டு அந்த டாக்டர் என்னைக்கு திரும்ப ஆரம்பிக்க சொல்றாங்களோ அன்னைக்கே ஆரம்பிக்கணும். நான் அப்பாவை நேர்ல பாக்கல, அதனால கடைசி முடிவு அவரை தொட்டு பாக்கற டாக்டரோடது. ஆனா நீங்க அனுப்பின ரிப்போர்ட்டை வெச்சு என் கருத்தை கேட்டா, இது டிபி மாத்திரையை நிறுத்த வேண்டிய ரிப்போர்ட் இல்ல.

ஏன்னு சொல்றேன். போட்டோல ரெண்டு பக்கம் இருக்கு. நீங்க பயந்தது முதல் பக்கத்தை பாத்து, அங்க பைல் ஆசிட் 31, பக்கத்துல கொட்டை எழுத்துல 'ஹை'. நான் முதல்ல பாத்தது ரெண்டாவது பக்கத்தை. மஞ்சக்காமாலைல ஏறற பிலிருபின் 0.9, இது நார்மல். ஆல்கலைன் பாஸ்படேஸ் 118, நார்மல். அல்புமின் 3.6, ஓரளவு பரவாயில்ல. எஸ்.ஜி.பி.டி, லிவர் செல்லு அடிபட்டா ரத்தத்துல ஏறற என்சைம் அது, 84, அந்த லேப்ல மேல் அளவு 40, அப்படின்னா ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் மேல. டிபி மாத்திரைல ஐசோனியசிட்னு ஒண்ணு இருக்கு, அது போடறவங்கள்ல நூத்துக்கு பத்து இருபது பேருக்கு எஸ்.ஜி.பி.டி இப்படி கொஞ்சம் ஏறும், மாத்திரையை தொடர்ந்து போட்டுக்கிட்டே இருந்தாலும் பெரும்பாலானவங்களுக்கு தானா இறங்கிடும், லிவர் அந்த மருந்துக்கு பழகிக்குது. உலகம் பூரா டாக்டருங்க வெச்சிருக்கற கோடு என்னன்னா, வாந்தி, வயித்து வலி, மஞ்சள் மாதிரி தொந்தரவோட எஸ்.ஜி.பி.டி மூணு மடங்கை தாண்டினா நிறுத்தணும், தொந்தரவே இல்லாட்டியும் அஞ்சு மடங்கை தாண்டினா நிறுத்தணும். அப்பாவுக்கு ரெண்டு கோட்டையும் தாண்டல. அரிப்பை பொறுத்தவரைக்கும், லிவர் கெடாமலே டிபி மாத்திரைக்கு அரிப்பு வரும், சாதாரண அலர்ஜி மாத்திரைலயே அடங்கிடும், அதுக்காக கோர்ஸை நிறுத்தறது இல்ல. தடிப்பு தடிப்பா எழும்பினாலோ, வாய்ல புண்ணு, காய்ச்சலோட வந்தாலோ அது வேற விஷயம், உடனே காட்டணும்.

ஒண்ணுக்கு ஆரஞ்சா போறதை பாத்து அரண்டு வர்றவங்க எங்ககிட்ட நிறைய பேர். அது டிபி மாத்திரைல இருக்கற ரிஃபாம்பிசின்ங்கற மருந்தோட கலர் தம்பி, லிவருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, வேர்வை, கண்ணீர் கூட லேசா கலராகும். இதை முதல் நாளே சொல்லி அனுப்பணும், சொல்லாம விட்டா இப்படித்தான் ஒரு வீடே தூங்காம கெடக்கும். மஞ்சக்காமாலையா இது மாத்திரை கலரானு நீங்களே பாக்க ஒரு வழி இருக்கு. மாத்திரை கலர்னா போட்ட சில மணி நேரத்துல ஆரஞ்சா, சிவப்பா வந்துட்டு அடுத்த நாள் விடியக்காலைல வெளிறியிருக்கும். மஞ்சக்காமாலைனா நாள் பூரா ஒரே மாதிரி கடுங்காப்பி நிறத்துல போகும். கூடவே கண்ணை பாருங்க, ட்யூப்லைட் வெளிச்சத்துல பாக்காதீங்க, பகல்ல வாசலுக்கு கூட்டிட்டு வந்து மேல் இமையை தூக்கி கீழ பாக்க சொல்லி அந்த வெள்ளையை பாருங்க. மாத்திரை கலர்ல கண்ணு வெள்ளை மஞ்சளாகாது. நீங்க நிறுத்தி அஞ்சு நாள் ஆச்சுல்ல, இப்ப ஒண்ணுக்கு தெளிஞ்சிருக்கும், பாத்தீங்களா? தெளியாம இன்னும் அடர் கலர்ல தான் போகுதுன்னா நாளைக்கு வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னைக்கே கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

இப்ப பைல் ஆசிட்டுக்கு வர்றேன். உங்க மச்சான் சொன்னதுல விஷயம் இருக்கு, அவரு ஒண்ணும் புருடா விடல. ஆனா அவங்க கம்பெனில அதை பயன்படுத்தற இடம் வேற, நீங்க பயன்படுத்தின இடம் வேற.

லிவர் கொலஸ்ட்ராலை எடுத்து பித்த அமிலமா மாத்துது, அதுதான் பைல் ஆசிட். அது பித்தநீரோட பித்தப்பைல போய் நிக்கும், நாம சாப்பிட்டதும் குடலுக்குள்ள இறங்கி எண்ணெய், கொழுப்பை கரைச்சு குடுக்கும். வேலை முடிஞ்சதும் வீணா போயிடாது, சிறுகுடலோட கடைசி பகுதில நூத்துக்கு 95 பங்கு திரும்ப உறிஞ்சப்பட்டு ரத்தம் வழியா லிவருக்கே வந்துரும், லிவர் அதை ரத்தத்துல இருந்து வடிகட்டி எடுத்து மறுபடி பித்தநீருக்கு தள்ளும். உடம்புல மொத்தமே 3 கிராம் அளவு தான் இருக்கும், அதையே ஒரு நாளைக்கு பல சுத்து சுத்த விடுது, மலத்துல போற அரை கிராமை மட்டும் புதுசா செஞ்சுக்குது. இப்படி சுத்தி வர்றப்ப லிவர் செல்லுல இருந்து பித்தநீருக்கு வெளிய தள்றதுக்கு ஒரே ஒரு முக்கியமான பம்ப் இருக்கு, பி.எஸ்.இ.பி.னு பேரு. பொங்கலுக்கு ஊருக்கு போற நாள்ல கிருஷ்ணகிரி டோல்கேட்ல பாதி கவுண்டரை மூடிட்டா என்னாகும், வண்டி வந்துகிட்டே இருக்கும், வெளிய போக வழி இல்லாம பின்னாடி கிலோமீட்டர் கணக்குல தேங்கும், அதுதான் இங்கயும். சில மருந்துங்க அந்த பம்பை அடைச்சிடும், பைல் ஆசிட் செல்லுக்குள்ளயே தேங்கும், கொழுப்பை கரைக்கற பொருள் இல்லையா, செல்லோட சவ்வையும் உள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவையும் அதுவே அரிக்க ஆரம்பிச்சிடும். தேங்கினதுல ஒரு பகுதி ரத்தத்துக்கு வழிஞ்சு வரும், அதைத்தான் அந்த டெஸ்ட்ல அளக்கறாங்க. அந்த பம்புக்கான ஜீன்லயே பிறவிக்கோளாறோட பிறக்கற குழந்தைங்களுக்கு எந்த மருந்தும் இல்லாமலே சின்ன வயசுலயே லிவர் கெட்டுப்போகுது, அதனால இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்ல.

மருந்து கம்பெனிங்க இதை ஏன் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கறாங்கனா, அடி வாங்கியிருக்காங்க. டிராக்ளிட்டசோன்னு ஒரு சுகர் மாத்திரை, 1997ல அமெரிக்காவுல விற்பனைக்கு வந்துச்சு, லிவர் செயலிழந்து ஆளுங்க இறந்ததால 2000ல வாபஸ் வாங்கினாங்க. அந்த மருந்தும், அது உடம்புல மாறி உண்டாகற பொருளும் இந்த பம்பை அடைக்குதுனு பின்னாடி தெரிஞ்சுது, லிவர் கெட்டதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. நுரையீரல் ரத்தக்குழாய் பிரஷருக்கு குடுக்கற போசென்டான் இன்னொரு உதாரணம், அதை போட்டவங்களுக்கு டோஸ் ஏற ஏற ரத்தத்துல பைல் ஆசிட்டும் ஏறினதை அளந்து பாத்திருக்காங்க, கூட கிளைபென்கிளமைடுங்கற சுகர் மாத்திரையும் சேந்தா இன்னும் ஏறிச்சு, அதுவும் அதே பம்பை அடைக்கற மருந்து தான். போசென்டான் இன்னைக்கும் கடைல இருக்கு, ஆனா மாசாமாசம் லிவர் டெஸ்ட் பாத்துகிட்டே தான் குடுக்கணும். இதுல இன்னொரு சிக்கல், எலிக்கு குடுத்து பாத்தப்ப இந்த மாதிரி மருந்துங்க பல நேரம் நல்ல பிள்ளையா தான் தெரியும். எலியோட பைல் ஆசிட் வகை வேற, தண்ணில நல்லா கரையற, செல்லை அவ்வளவா அரிக்காத வகை, அதனால தேங்கினாலும் தாங்கிக்கும், மனுஷன் லிவர் தாங்காது. அதனால தான் இப்பல்லாம் புது மருந்து ஒண்ணு வரணும்னா அது பி.எஸ்.இ.பி.யை அடைக்குதானு ஆரம்பத்துலயே பாக்கறாங்க, அப்புறம் மனுஷங்களுக்கு குடுக்கறப்ப ரத்தத்துல பைல் ஆசிட் எப்படி மாறுதுனும் பாக்கறாங்க. நூறு பேருக்கு குடுத்து, எல்லாருக்கும் சராசரியா ஏறுதுன்னா அந்த மருந்து மேல ஒரு கண்ணு வைக்கணும். உங்க மச்சான் வேலை செய்யற உலகம் இதுதான், அங்க இது அருமையான கருவி, அதுல எனக்கு துளியும் சந்தேகம் இல்ல. ஆனா அங்க சோதிக்கறது மருந்தை. உங்க அப்பாங்கற ஒரு ஆளோட லிவர் அடுத்த மாசம் என்னாகும்னு கேட்டா அந்த டெஸ்டால பதில் சொல்ல முடியாது.

அவரோட ரிப்போர்ட்டையே எடுத்துக்குங்க. போட்டோவை பெருசு பண்ணி பாத்தா மேல சாம்பிள் எடுத்த நேரம் காலைல 11.20னு இருக்கு, வெறும் வயிறானு கேக்கற கட்டம் காலியா இருக்கு. காவேரிப்பட்டணத்துல இருந்து அந்த லேபுக்கு வர்ற வழில டிபன் சாப்பிட்டிருப்பாரு, சரிதானே? சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கி பைல் ஆசிட் பூரா குடலுக்கு போய் திரும்பி வர்ற நேரம் அது, நல்லா இருக்கற ஆளுக்கே ரத்தத்துல ரெண்டு மூணு மடங்கு ஏறும். அந்த 10ங்கற அளவு வெறும் வயித்துல எடுக்கறதுக்கு போட்டது. இது ஒண்ணு.

அடுத்தது தான் பெரிய விஷயம், உர்சோ. உர்சோடியாக்சிகோலிக் ஆசிட்னு அந்த அட்டைலயே போட்டிருக்கும் பாருங்க, அதுவே ஒரு பைல் ஆசிட் தான் தம்பி. லேப்ல சாதாரணமா செய்யற மொத்த பைல் ஆசிட் டெஸ்டுக்கு இது லிவர் செஞ்சதா, மெடிக்கல்ல வாங்கினதானு பிரிச்சு பாக்க தெரியாது, எல்லாத்தையும் கூட்டி ஒரே நம்பரா குடுத்துரும். வகை வகையா பிரிச்சு அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரினு பெரிய மெஷின் வேணும், நீங்க எடுத்தது அது இல்ல. ஆக, அப்பாவுக்கு பைல் ஆசிட்டையே மாத்திரையா குடுத்துட்டு, ரத்தத்துல பைல் ஆசிட் ஜாஸ்தினு பயந்திருக்கீங்க. உங்களை குறை சொல்லல, உர்சோ போறவருக்கு இந்த டெஸ்ட் எடுக்கறப்ப அங்கயே கேட்டிருக்கணும், என்னென்ன மாத்திரை சாப்பிடறாருனு.

மூணாவது, ரிஃபாம்பிசின். பைல் ஆசிட்டையும் பிலிருபினையும் ரத்தத்துல இருந்து லிவருக்குள்ள இழுக்கற வாசல் ஒண்ணு இருக்கு, வெளிய தள்ற பம்ப் ஒண்ணு இருக்கு, ரிஃபாம்பிசின் ரெண்டுலயும் குறுக்க நிக்கும். அதனால அதை போட ஆரம்பிச்சதும் ஒரு செல்லு கூட சாகாம ரத்தத்துல பைல் ஆசிட் ஏறலாம், சில பேருக்கு பிலிருபினும் கொஞ்சம் ஏறி இறங்கும். ஏறினதெல்லாம் காயம் இல்ல. டிபி மாத்திரைல இந்த டெஸ்டை வெச்சு முடிவெடுக்கறதுல இருக்கற அடிப்படை கோளாறே இதுதான், எந்த மருந்தால லிவர் கெடுதானு பாக்கறோமோ அந்த மருந்துல ஒண்ணே நம்பரை ஏத்திவிடுது. இந்த மூணையும் கழிச்சிட்டு பாத்தா அந்த 31ல மிச்சம் ஏதாவது இருக்குமானு எனக்கு நம்பிக்கை இல்ல.

சரி, உர்சோவை நிறுத்தி, வெறும் வயித்துல, மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்திருந்தா முன்கூட்டி சொல்லியிருக்குமான்னு கேப்பீங்க. அப்பவும் இல்ல. மருந்தால லிவர் கெட்டவங்களுக்கு பைல் ஆசிட் ஏறுதுங்கறது உண்மை, குறிப்பா கிளைசின், டாரின்னு சின்ன பொருளுங்க ஒட்டின பைல் ஆசிட் வகைங்க நல்லாவே ஏறுதுனும், பாதிப்பு கடுமையா இருந்தா இன்னும் ஏறுதுனும் பல ஆய்வுல வந்திருக்கு. ஆனா அது பாதிப்பு வந்தப்புறம் அது எவ்வளவு தீவிரம்னு காட்டறது, வர்றதுக்கு முன்னாடி ஜோசியம் சொல்றது இல்ல. அதோட, வைரஸ் காமாலைலயும் ஏறும், லிவர் தழும்பேறி சுருங்கற சிரோசிஸ்லயும் ஏறும், பித்தப்பை கல்லு குழாயை அடைச்சாலும் ஏறும், மருந்தால தான் ஏறிச்சுனு தனியா சொல்லாது. இன்னொண்ணு, டிபி மாத்திரைல லிவர் கெடறதுக்கு பம்ப் அடைப்பு மட்டும் காரணம் இல்ல. ஐசோனியசிட்டை உடம்பு உடைக்கறப்ப நச்சான துணைப்பொருளுங்க உண்டாகுது, அதை வேகமா கழிக்கற உடம்பும் இருக்கு, மெதுவா கழிக்கற உடம்பும் இருக்கு, நம்ம தென்னிந்தியாவுல பாதிக்கு மேல மெதுவா கழிக்கற ரகம் தான். பைல் ஆசிட் டெஸ்ட் இதை தொடக்கூட தொடாது. அதனால மாசாமாசம் அதுக்கு செலவு பண்ணாதீங்க.

இந்த டெஸ்ட் கட்டாயம் வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு, இதை படிக்கற எல்லாருக்கும் சேத்து சொல்றேன். மாசமா இருக்கற பொண்ணுங்களுக்கு, முக்கியமா ஆறு ஏழு மாசத்துக்கு மேல, தோல்ல ஒண்ணும் இல்லாம உள்ளங்கை உள்ளங்கால்ல ராத்திரில தாங்க முடியாத அரிப்பு வந்தா பைல் ஆசிட் பாக்கணும். 100 மைக்ரோமோலை தொட்டுட்டா வயித்துலயே குழந்தை இறக்கற ஆபத்து கூடுது, பிரசவத்தை எப்ப வைக்கணும்னு அந்த நம்பரை பாத்து தான் முடிவு பண்றாங்க. சூட்டு அரிப்பு, வேப்பிலை அரைச்சு பூசுனு விட்டுடாதீங்க.

அப்பா விஷயத்துக்கு வர்றேன். லிவர் கெடற வாய்ப்பு யாருக்கு ஜாஸ்தினு நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயங்க இருக்கு, காசு அதிகம் ஆகாத விஷயங்க, அதை தான் நீங்க நாளைக்கு கேக்கணும். வயசு கூடினவங்க, இளைச்சு எலும்பும் தோலுமா இருக்கறவங்க, ஹெபடைட்டிஸ் பி அல்லது சி உள்ளவங்க, எச்.ஐ.வி உள்ளவங்க, ஏற்கனவே லிவர் கெட்டவங்க, குடிக்கறவங்க. ஹெபடைட்டிஸ் பி, சி டெஸ்ட் எடுத்தாங்களானு கேளுங்க, எடுக்கலன்னா எடுக்க சொல்லுங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரில காசில்லாம எடுக்கலாம். குடி விஷயத்தை நீங்க கடிதத்துல எழுதவே இல்ல, நானும் யூகிக்கல. ஆனா பட்டறைல தூசியில நின்னு வேலை செய்யறவங்க சாயங்காலம் டாஸ்மாக்குக்கு போறது நம்ம ஜில்லால சகஜம், இருந்துச்சுன்னா டாக்டர்கிட்ட உள்ளதை சொல்லுங்க, இந்த ஆறு மாசம் ஒரு சொட்டு கூட கூடாதுனு அப்பாகிட்டயும் உக்காந்து பேசுங்க. அப்புறம் அந்த பட்டறை வேலையையும் டாக்டர்கிட்ட சொல்லணும், கல்லு தூசி நுரையீரல்ல படிஞ்சவங்களுக்கு டிபி வர்றது அதிகம், எக்ஸ்ரேவை அந்த கண்ணோட பாக்க வேண்டியிருக்கும், கோர்ஸ் நாளை நீட்டலாமானும் யோசிப்பாங்க.

இனிமே வீட்ல நீங்க பாத்துக்க வேண்டியது. வாந்தி வந்துகிட்டே இருக்கு, சோத்தை பாத்தாலே குமட்டுது, வலது பக்க விலாவுக்கு கீழ வலி, ஒண்ணுக்கு நாள் பூரா கடுங்காப்பி நிறம், கண்ணு மஞ்சள், இதுல எது வந்தாலும் அன்னைக்கு டிபி மாத்திரையை போடாதீங்க, அதே நாள் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் எல்.எஃப்.டி எடுங்க. "போடாதீங்க"வும் "அதே நாள்"ங்கறதும் ஒண்ணா சேந்து தான், நிறுத்திட்டு வீட்ல உக்காந்துக்கறது இல்ல. பேச்சு குழறுது, பகல்ல தூங்கி ராத்திரி முழிக்கறாரு, ஆளை தெரியாம பேசறாருனா 108ஐ கூப்பிடுங்க, அது லிவர் மூளையை பாதிக்கற கட்டம். எஸ்.ஜி.பி.டி மூணு மடங்குக்கு மேல ஏறி கூடவே பிலிருபினும் ரெண்டு மடங்குக்கு மேல போயிட்டா, பித்தக்குழாய் அடைப்பு இல்லாம மருந்தால மட்டும் இப்படி ஆனா, பத்துல ஒருத்தர் அளவுக்கு உயிருக்கு ஆபத்துனு ஒரு பழைய கணக்கு இருக்கு, ஹைமன் ஸிம்மர்மேன்னு ஒரு அமெரிக்க டாக்டர் கண்டு சொன்னது, இன்னைக்கும் மருந்து கம்பெனில இருந்து வார்டு வரைக்கும் எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்க. ரெண்டுமே எந்த சாதாரண லேப்லயும் கிடைக்கற நம்பர்.

ஒருவேளை லிவர் நிஜமாவே கெட்டாலும் டிபி வைத்தியம் அதோட முடிஞ்சு போச்சுனு அர்த்தம் இல்ல. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூணையும் நிறுத்திடுவாங்க, எதம்பியூட்டால் லிவரை ஒண்ணும் பண்ணாது, டிபி கடுமையா இருந்தா அதோட லிவரை தொடாத வேற மருந்தை சேத்து ஓட்டுவாங்க. எஸ்.ஜி.பி.டி ரெண்டு மடங்குக்கு கீழ இறங்கினதும் ஒவ்வொண்ணா சில நாள் இடைவெளி விட்டு டெஸ்ட் பாத்து பாத்து திரும்ப ஆரம்பிப்பாங்க, பெரும்பாலும் ரிஃபாம்பிசின் முதல்ல, அப்புறம் ஐசோனியசிட். எந்த மருந்து ஒத்துக்கலயோ அதை மட்டும் விட்டுட்டு மீதியை வெச்சு குணமாக்கிடலாம்.

உங்க தெருக்காரருக்கு என்ன நடந்துச்சுனு எனக்கு தெரியாது, அந்த குடும்பத்துக்கு நடந்தது பெரிய கொடுமை. உங்க பயத்துல நியாயம் இருக்கு. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரில மருந்தால லிவர் கெட்டு வந்த 313 பேரை வெச்சு 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல நூத்துக்கு 58 பேருக்கு காரணம் டிபி மாத்திரை தான், மொத்தத்துல 17 சதவீதம் பேர் இறந்துட்டாங்க. அது பெரிய ஆஸ்பத்திரிக்கு முத்திப்போய் வந்தவங்க கணக்கு, டிபி மாத்திரை போடற எல்லாரோட கணக்கு இல்ல. இன்னொரு பக்கத்தையும் பாருங்க, சளில கிருமி தெரியற டிபிக்கு வைத்தியமே பாக்காம விட்டா பத்து வருஷத்துக்குள்ள நூத்துக்கு 70 பேர் இறந்துடறாங்க, மருந்து கண்டுபிடிக்கறதுக்கு முந்தின காலத்து கணக்கு அது. பாதில விட்டு விட்டு போட்டா கிருமி மருந்துக்கு அடங்காததா மாறவும் வழி இருக்கு, வீட்ல இருக்கற உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒட்டவும் வழி இருக்கு. லிவரை கவனிச்சுகிட்டே கோர்ஸை முடிக்கறது தான் அப்பாவுக்கு இருக்கற பத்திரமான பாதை.

உர்சோவை நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டுங்க, என் கருத்து அது இப்ப தேவையில்ல, எஸ்.ஜி.பி.டி இப்படி லேசா ஏறினதுக்கு லிவர் டானிக்கும் தேவையில்ல. கீழாநெல்லி மேல எனக்கு விரோதம் இல்ல, தலைமுறை தலைமுறையா குடுத்து வந்தது, உங்க அம்மா அக்கறைல தான் குடுக்கறாங்க. எனக்கு பயம் ரெண்டு விஷயம். காமாலை வந்தப்புறமும் "கீழாநெல்லி குடிக்கறோம்ல, சரியாயிடும்"னு டிபி மாத்திரையையும் நிறுத்தாம ஆஸ்பத்திரிக்கும் போகாம நாலு வாரம் ஓட்டிடறது ஒண்ணு. லேபிள் இல்லாத சூரண பொட்டலம் இன்னொண்ணு, உள்ள என்ன இருக்குனு குடுக்கறவருக்கே தெரியாது. கொரோனா சமயத்துல எதிர்ப்பு சக்திக்குனு சீந்தில் கொடியை குடிச்சு லிவர் கெட்டு வந்தவங்களை பத்தி நம்ம நாட்டு டாக்டருங்களே எழுதியிருக்காங்க, செடிதானேனு எல்லாத்தையும் சேத்துக்க முடியாது. கோர்ஸ் முடியற வரைக்கும் எதுவும் வேண்டாம்னு அம்மாகிட்ட பொறுமையா சொல்லுங்க. காய்ச்சல், உடம்பு வலினு மெடிக்கல்ல பாராசிட்டமாலை இஷ்டத்துக்கு வாங்கி போடவும் வேண்டாம், ஐசோனியசிட் போடறவங்களுக்கு அது அளவு மீறினா லிவரை சீக்கிரம் தாக்கும், எத்தனைனு டாக்டர்கிட்ட கேட்டு போடுங்க.

முட்டை விஷயம். தாராளமா குடுக்கலாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க. காமாலைனு பேர் கேட்டதும் உப்பில்லாம எண்ணெய் இல்லாம மோர்சோறு பத்தியம் போடறது நம்ம பக்கத்து வழக்கம், அப்பாவுக்கு காமாலையும் இல்ல, அப்படியே இருந்தாலும் அந்த பத்தியம் வேண்டாம். டிபிக்காரரை பட்டினி போட்டா தான் லிவர் இன்னும் சீக்கிரம் கெடும். தினம் ரெண்டு முட்டை, கேழ்வரகு களியோட கீரை கடைசல், பருப்பு, கடலை, வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவை கோழியோ மீனோ, அவருக்கு என்ன இறங்குதோ கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவையா குடுங்க. சாப்பாட்டுக்குனு டிபி நோயாளிக்கு மாசம் 1000 ரூபா அரசாங்கம் பேங்க் கணக்குல போடுது, அப்பாவுக்கு வரலன்னா நாளைக்கு அங்கயே டிபி வைத்தியத்தை மேற்பார்வை பாக்கற எஸ்.டி.எஸ்.கிட்ட பாஸ்புக் ஜெராக்ஸ் குடுத்து பதிய சொல்லுங்க. எடையும் பாத்து எழுதிக்குங்க, டிபி மாத்திரை எத்தனைங்கறதே எடையை வெச்சு தான், 35ல இருந்து 49 கிலோ வரைக்கும் மூணு, 50ல இருந்து 64 வரைக்கும் நாலு, அப்பா இப்ப எந்த பக்கம் இருக்காருனு பாத்து அந்த கணக்கு சரியானு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. புது எல்.எஃப்.டி ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்க.